மாவுச்சத்தை மொத்தமாக நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. வழக்கமான பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எண்) 5.9 என்று வந்தது. "சர்க்கரை நோய் இல்லை, ஆனால் எல்லையில் நிற்கிறீர்கள், எடையைக் குறையுங்கள்" என்றார் டாக்டர். மாத்திரை எதுவும் தரவில்லை. என் அண்ணன் மகன் தினமும் ஜிம்முக்குப் போகிறவன். "அத்தை, கார்போஹைட்ரேட்டை மொத்தமாக நிறுத்திவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றான். சோறு, பிரெட், கிழங்கு, பருப்பு, பழம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது. ஆனால் தலைவலி, மலச்சிக்கல், எதற்கெடுத்தாலும் எரிச்சல். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு பிஸ்கட் டப்பாவைத் திறந்து பாதியைக் காலி செய்துவிட்டு, அப்புறம் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். மாவுச்சத்து அவ்வளவு கெட்டதா? பழம் சாப்பிடலாமா? வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் சேர்க்கலாமா? ஓட்ஸ், பிரவுன் பிரெட் நல்லதா?

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

முதலில் பருப்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நீங்கள் விட்டவற்றின் பட்டியலில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அதுதான். ரத்தச் சர்க்கரை எல்லையில் நிற்கும் ஒருவர் தட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய பண்டம் பருப்பும் பயறும். அதிலும் மாவுச்சத்து இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதையும் பிஸ்கட்டோடு சேர்த்து ஒதுக்கியிருக்கிறீர்கள். உங்கள் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கும். நார்ச்சத்து அரை கிராம்கூடத் தேறாது. வெந்த மசூர் பருப்பு 100 கிராமில் மாவுச்சத்து 20 கிராம் இருக்கும். ஆனால் அந்த 20-க்குள்ளேயே 8 கிராம் நார்ச்சத்து, அதோடு தனியாக 9 கிராம் புரதம். இரண்டிலும் இருப்பது மாவுச்சத்துதான். உடம்புக்குள் போனபின் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. சோற்றின் ஸ்டார்ச் சீக்கிரம் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் கலந்துவிடும். பருப்பின் ஸ்டார்ச் கெட்டியான செல்சுவருக்குள் அடைபட்டிருப்பதால் செரிமான நொதிகள் மெல்ல மெல்லத்தான் அதை உடைக்க முடியும். செரிக்காத நார் பெருங்குடல் வரை போய், அங்கிருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. அவை அதிலிருந்து தயாரிக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் செல்களுக்கு முக்கியமான எரிபொருள். மூன்று வாரமாக அவற்றுக்குத் தீனி போடவில்லை. மலச்சிக்கல் வந்ததில் ஆச்சரியமே இல்லை.

மூன்று கிலோ குறைந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சந்தோஷத்தைக் கெடுப்பதற்காகச் சொல்லவில்லை, ஆனால் அதில் கணிசமான பங்கு தண்ணீர். நம் உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாக மாற்றிக் கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டில் மாவுச்சத்து நின்றால் சில நாட்களில் இந்தச் சேமிப்பு கரையும், தண்ணீரும் வெளியேறும். இந்தக் கணக்கிலேயே கிட்டத்தட்ட இரண்டு கிலோ இறங்கிவிடும். தண்ணீரோடு உப்பும் போய்விடும், அந்தத் தலைவலிக்கும் சோர்வுக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். மறுபடி சோறு சாப்பிட்டதும் ஒன்றிரண்டு கிலோ ஏறினால் பயந்துவிடாதீர்கள். அது கொழுப்பு அல்ல, போன தண்ணீர் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் மருமகப் பிள்ளையின் மேல் எனக்குக் கோபமில்லை. மாவுச்சத்தைக் குறைத்து எடை குறைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது பொய்யில்லை. ஆனால் அது ஒன்றுதான் வழி என்பதும் உண்மையில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 609 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மாவுச்சத்தையும் மற்றதற்குக் கொழுப்பையும் குறைத்து, ஓராண்டு கவனித்தது. 2018-ல் முடிவு வெளியானது. ஒரு குழு சராசரியாக 6 கிலோ, மற்றது 5.3 கிலோ குறைந்தது. பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. இரண்டு குழுவுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டதைக் கவனியுங்கள்: காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையையும் தீட்டிய மாவுப் பண்டங்களையும் குறையுங்கள்.

அதே 2018-ல் வந்த இன்னொரு ஆய்வு 15,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை இருபத்தைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தது. மொத்தக் கலோரியில் 50 முதல் 55 சதவீதம் மாவுச்சத்திலிருந்து எடுத்தவர்களிடம்தான் இறப்பு விகிதம் மிகக் குறைவு. 40-க்குக் கீழே போனவர்களிடமும் அதிகம், 70-க்கு மேலே போனவர்களிடமும் அதிகம். மாவுச்சத்தைக் குறைத்தவர்களிலும், அந்த இடத்தை இறைச்சியால் நிரப்பியவர்களைவிடப் பருப்பு, கொட்டை போன்ற தாவர உணவுகளால் நிரப்பியவர்களின் நிலைமை நன்றாக இருந்தது. இப்படிப் பின்தொடரும் ஆய்வுகள் காரணத்தை அடித்துச் சொல்லிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் "மொத்தமாக நிறுத்து" என்ற அறிவுரைக்கு இதில் ஆதரவு எதுவும் இல்லை.

ஆக, எவ்வளவு என்பதைவிட, எந்த வடிவத்தில் என்று கேளுங்கள். ஒரு தானியமோ பழமோ தன் இயல்பான கட்டமைப்பை எவ்வளவு இழந்துவிட்டு உங்கள் தட்டுக்கு வருகிறது என்பதுதான் நான் முதலில் பார்ப்பது.

இதற்கு நான் அடிக்கடி சொல்லும் ஓர் ஆய்வு உண்டு. 1977-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுசாக, கூழாக மசித்து, சாறாகப் பிழிந்து. மூன்றிலும் மாவுச்சத்தின் அளவு ஒன்றே. முழு ஆப்பிளைத் தின்று முடிக்க ஆன நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்குக்குள் சாறு உள்ளே போய்விட்டது. முழு ஆப்பிள் தின்றவர்களுக்கு வயிறு நிறைந்தது, கூழ் சாப்பிட்டவர்களுக்கு அதைவிடக் குறைவு, சாறு குடித்தவர்களுக்கு அதையும்விடக் குறைவு. சாறு குடித்தபின் இன்சுலின் உயரமாக எழும்பியது, பிறகு ரத்தச் சர்க்கரை ஆரம்ப அளவுக்கும் கீழே இறங்கியது. முழு ஆப்பிளுக்கு அப்படி நடக்கவில்லை. பழம் ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான். அதன் கட்டமைப்பைக் குலைத்ததும் உடம்பு வேறு மாதிரி பதில் சொல்கிறது.

உங்கள் பழக் கேள்விக்கும் இதுவே பதில். தாராளமாகச் சாப்பிடலாம், கடித்துச் சாப்பிடுங்கள். நாளுக்கு இரண்டு பழம் உங்களுக்குப் போதும். வீட்டில் பிழிந்தது, சர்க்கரை போடாதது என்றாலும் சாறு வேண்டாம்.

தானியத்திலும் இதே கதைதான். ஒரு தானிய மணியில் வெளியே தவிடு, ஓரத்தில் முளை, நடுவில் மாவு. நார்ச்சத்து, பி வைட்டமின்கள், மெக்னீசியம், இரும்பு எல்லாம் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும்தான். தீட்டும்போது அவை இரண்டும் போய், வெறும் மாவு மிஞ்சுகிறது. அதை மேலும் நைசாக அரைத்தால் நொதிகளுக்கு வேலையே இல்லை. அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டியில், மாவுச்சத்து முக்கியமாக முழுத்தானியம், காய்கறி, பழம், பயறு வகைகளிலிருந்து வரட்டும் என்று சொல்கிறது. பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும், 25 கிராம் இயற்கையான நார்ச்சத்தும் வேண்டும் என்கிறது. அந்த 25 கிராம் மேலோட்டமாகச் சொன்ன எண் அல்ல. 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வில், நார்ச்சத்து மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட, மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை 15 முதல் 30 சதவீதம் குறைந்திருந்தன. நாளுக்கு 25 முதல் 29 கிராம் சாப்பிட்டவர்களுக்கே பலன் நன்றாகத் தெரிந்தது.

ஓட்ஸ் வாங்கலாம். ஆனால் எந்த ஓட்ஸ்? தட்டையாக, தடிமனாக, வேக ஐந்து பத்து நிமிஷம் பிடிக்கும் சாதா ஓட்ஸ் நல்லது. அதிலிருக்கும் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார் நாளுக்கு 3 கிராம் சேர்ந்தால் கெட்ட கொழுப்பையும் கொஞ்சம் இறக்கும். வெந்நீர் ஊற்றியதும் தயாராகிவிடும் வகை, அதிலும் பழச்சுவை, சாக்லேட் சுவை சேர்த்தது, வேண்டாம். அதை முன்கூட்டியே வேகவைத்து மெல்லிசாக நசுக்கியிருப்பார்கள். சர்க்கரையும் சேர்ந்திருக்கும்.

பிரவுன் பிரெட் விஷயத்தில் நிறத்தை நம்பாதீர்கள். கேரமல் நிறமி சேர்த்த மைதா பிரெட்டும் பழுப்பாகத்தான் இருக்கும். பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். முதல் பெயர் முழுக் கோதுமை என்றால் சரி. கோதுமை மாவு என்று மட்டும் போட்டிருந்தால் அது மைதாவாகவும் இருக்கலாம். அடுத்து ஊட்டச்சத்து அட்டவணைக்குப் போங்கள். மொத்த மாவுச்சத்தை நார்ச்சத்தால் வகுத்துப் பாருங்கள். பத்தோ அதற்குக் குறைவோ வந்தால் நல்ல சரக்கு. உதாரணத்துக்கு, 100 கிராமில் மாவுச்சத்து 42, நார்ச்சத்து 7 என்றால் விடை ஆறு, வாங்கலாம். மாவுச்சத்து 70, நார்ச்சத்து 2 என்றால் 35. அதன் முன்பக்கத்தில் எத்தனை தானியங்களின் படம் போட்டிருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப் போன்ற பெயர்கள் தென்பட்டால் அவையும் சர்க்கரைக் கணக்குதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேன்? சர்க்கரைக்கும் அதற்கும் உங்கள் கணையத்தைப் பொறுத்தவரை சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. பழுப்புச் சர்க்கரைக்கும் அப்படியே. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தேன், சிரப், பழச்சாற்றில் உள்ள சர்க்கரை எல்லாம் ஒரே பிரிவு. மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம், ஆறு டீஸ்பூன். 330 மில்லி கோலா ஒன்றிலேயே சுமார் 35 கிராம் இருக்கிறது. நீங்கள் தேனை விரும்பினால் அளவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், மருந்து என்று நினைத்துச் சேர்க்காதீர்கள்.

கிளைசீமிக் குறியீட்டுப் பட்டியலைப் பார்த்துப் பயப்படுபவர்களும் எனக்கு எழுதுகிறார்கள். ஓர் உணவிலுள்ள மாவுச்சத்து ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்ட, 1981-ல் டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு உருவாக்கிய அளவுகோல் அது. குளுக்கோஸை 100 என்று வைத்து, 55 வரை குறைவு, 70-உம் அதற்கு மேலும் அதிகம் என்று பிரிப்பார்கள். பயனுள்ளதுதான், ஆனால் தனியாகப் பார்த்தால் குழப்பும். தர்ப்பூசணியின் குறியீடு 70-ஐத் தாண்டுவதைப் பார்த்துச் சிலர் அதைத் தொடுவதே இல்லை. உண்மையில் ஒரு துண்டில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், மாவுச்சத்து சொற்பம். ரத்தச் சர்க்கரையில் அதன் தாக்கமும் சொற்பம். தவிர, நாம் எதையும் தனியாகச் சாப்பிடுவதில்லை. காயும் பருப்பும் கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்தால் அதே சோற்றின் வேகம் குறைந்துவிடுகிறது. சாப்பிடும் வரிசைக்கும் இதில் பங்கு உண்டு. முதலில் காய்கறி, அடுத்து பருப்போ முட்டையோ மீனோ, கடைசியில் சோறு என்று சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது. சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் இன்னும் குறையும். இரண்டுக்கும் செலவில்லை, பட்டினியும் இல்லை.

இப்போது உங்கள் தட்டு. பாதியைக் காய்கறியால் நிரப்புங்கள். கிழங்கை அந்தப் பாதியில் சேர்க்காதீர்கள், அது தானியத்தின் இடத்தில் வரட்டும். கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் என்று புரதம். மீதிக் கால் பங்கில் சோறோ முழுக் கோதுமைப் பண்டமோ உருளைக்கிழங்கோ, ஏதாவது ஒன்று. எண்ணிக்கையில் பார்க்க வேண்டுமென்றால், எடை குறைய நாளுக்கு 1,600 கலோரி சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 45 சதவீதம் மாவுச்சத்து என்றால் 180 கிராம் வருகிறது. மூளைக்கு மட்டுமே நாளுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். நீங்கள் சாப்பிடாவிட்டால் கல்லீரல் வேறு வழியில் தயாரித்துக் கொடுக்கும், மூளையின் பாதிப் பசியைக் கொழுப்பிலிருந்து உண்டாக்கும் கீட்டோன் என்ற எரிபொருளை வைத்துத் தீர்க்கும். உடம்பு சமாளிக்கத்தான் செய்யும். ஆனால் உங்களுக்கு அப்படிச் சமாளிக்க வேண்டிய அவசியம் என்ன?

வெள்ளைச் சோற்றை அடியோடு விட முடியாது என்றால் விட வேண்டாம். அளவைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டுங்கள். சோற்றையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து ஆறவைத்தால் ஸ்டார்ச்சில் ஒரு பகுதி மறுபடி இறுகி, எளிதில் செரிக்காத வகையாக மாறும். ஓரளவு உதவும், அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். அப்படிச் செய்வதானால் சீக்கிரம் ஆற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சோறு அறைச் சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

ராத்திரி பிஸ்கட்டைப் பற்றி எழுதும்போது உங்களை நீங்கள் திட்டிக்கொண்டதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பகல் முழுக்க உடம்பைப் பட்டினி போட்டால் ராத்திரி அது கேட்காமல் இருக்காது. அந்த நேரத்தில் கையில் சட்டென்று கிடைப்பது பிஸ்கட். அது மாவும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த, மென்று முடிப்பதற்குள் கரைந்துவிடும் பண்டம். எவ்வளவு தின்றோம் என்று வயிறு சொல்வதற்குள் பாதி டப்பா காலியாகிவிடும். மன உறுதி குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. பகல் சாப்பாட்டில் பருப்பும் சோறும் திரும்பி வந்தால் ஒரு வாரத்தில் அந்த ராத்திரிப் பசி தானாகக் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். நான்கு மணி வாக்கில் ஒரு கைப்பிடி வேகவைத்த கொண்டைக்கடலையோ, ஒரு பழத்தோடு கொஞ்சம் நிலக்கடலையோ சாப்பிடுங்கள். பிஸ்கட் டப்பா கொஞ்ச நாள் வீட்டில் இல்லாமலே இருக்கட்டும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். மூன்று வாரம் நார் காணாத குடலுக்குத் திடீரென்று 25 கிராம் கொடுத்தால் வயிறு உப்பிக்கொள்ளும், வாயு தொல்லை கொடுக்கும், "பருப்பு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். முதல் வாரம் நாளுக்கு அரைக் கிண்ணம் பருப்பு, அடுத்த வாரம் பயறு, அப்புறம் முழுத்தானியம் என்று மெல்ல ஏற்றுங்கள். பயற்றை ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள்.

நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து திரும்ப முடியும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2002-ல் அமெரிக்காவில் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எல்லையில் இருந்தவர்கள் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிஷம் நடப்பது என்ற இலக்கோடு முயன்றார்கள். அவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. எழுபது கிலோ இருப்பவருக்கு 7 சதவீதம் என்பது கிட்டத்தட்ட ஐந்து கிலோ. அதை ஆறு மாதம் எடுத்துக் குறைத்தால் போதும்.

இதே கடிதத்தைப் படிக்கும் வேறு சிலருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் மாவுச்சத்தைக் குறைக்கக் கூடாது. ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கீட்டோ அசிடோசிஸ் (கீட்டோன் மிகுந்து ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை) வரும் அபாயம் கூடும். கர்ப்பிணிகளும் சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் இந்த அளவுகளை அப்படியே பின்பற்றாமல் தங்களுக்கென்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சகோதரி, அடுத்த ஹெச்பிஏ1சி பரிசோதனையை மூன்று மாதம் கழித்து எடுங்கள். ரத்தச் சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், அடுத்த மாதமே எடுத்தால் உங்கள் முயற்சி அதில் முழுதாகத் தெரியாது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டவும் வாய்ப்பு உண்டு. மாதவிலக்கில் போக்கு அதிகமாக இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லி, ஹீமோகுளோபினையும் அதே நாளில் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.